ரெண்டாவது ரிமோட்

கம்பெனி பஸ் ஓசூருக்குள் நுழைந்ததும் முனிராஜ் கேட்டான்.

"நான் சொல்லி வாங்கினியே அந்தப் பழைய மாடல் வீடியோ கேம், எப்படிப்பா இருக்கு?"

"தண்டம். நானூறு கேம்னு போட்டிருக்கான், நாலுதான் திரும்பத் திரும்ப வருது. ஆஃப் பண்ணினா ஆடினதெல்லாம் அழிஞ்சிடுது. ரெண்டாவது ரிமோட் வேலையே செய்யல" என்றான் மாதவன்.

"வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

"அவ முகத்தப் பாத்துப் பேசியே அஞ்சு நாளாச்சு."

முனிராஜுக்குத் திக்கென்றது. மாதவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தன்னால் ஒரு குடும்பத்தில் சண்டையா?

"இன்னிக்கே ரிட்டர்ன் போட்டுடலாம். நானே வந்து பேக் பண்றேன்" என்று மாதவனோடு இறங்கிவிட்டான்.

பூட்டைத் திறந்தார்கள். ஆளில்லாத வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. முனிராஜ் சுவிட்சில் கை வைக்கப்போனான்.

"ஐயோ, தொடாத!"

திரையில் கேம் பாதியில் நின்றிருந்தது. ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'ஏழாவது லெவலைத் தாண்டிட்டேன். உங்களுக்கு ரெண்டு லைஃப் மிச்சம் வெச்சிருக்கேன். குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. ப்ரியா.'

"அவளுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். நான் கிளம்பினப்புறம் வர்றா, நான் வர்றதுக்குள்ள கிளம்பிடறா. நான் விட்ட இடத்துல இருந்து அவ ஆடுவா, அவ விட்ட இடத்துல இருந்து நான்" என்றான் மாதவன்.

முனிராஜ் அசடு வழிந்தான். "அப்போ அந்த ரெண்டாவது ரிமோட்டையாவது மாத்தித் தரேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாமில்ல?"

மாதவன் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குப்பா கேம்?"