மஞ்சளும் நீலமும்

உட்துறைமுக வீதிக் கண்ணாடிக் கடையில், சுவரோடு சாய்த்து வைத்த கண்ணாடிகளிலெல்லாம் கடல் வெளிச்சம் ஆடுகிறது. புதுவீட்டு வாசல் கதவுக்கு வெளிச்சம் வரும்படி வெறும் கண்ணாடியே போடவேண்டும் என்கிறாள் சுகிர்தா. பூப்போட்டதுதான் போடவேண்டும் என்று நிற்கிறான் அவள் புருஷன் யோகேஸ்வரன். முன்வீட்டு வாத்தியார் பின்னேரங்களில் பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற சாட்டில் தங்கள் வாசலைப் பார்ப்பது அவன் வயிற்றில் நெருப்பாய்க் கிடக்கிறது. "உள்ளுக்கு நிக்கிற ஆள் தெரியக்கூடாது தம்பி." "தெரியாது அண்ணன். அக்கா, இதுக்குப் பின்னால ஒருக்கா நில்லுங்க," என்று கடைக்கார நிப்றாஸ் ஒரு பூக்கண்ணாடியை நிமிர்த்திவிட்டு, அது சரியாமலிருக்கத் தானும் பின்னால் போய்ப் பிடிக்கிறான். முகமில்லை, கண்ணில்லை, சுகிர்தாவின் மஞ்சள் சேலை மட்டும் தண்ணீரில் கரைந்த சாயம்போல அசைகிறது. யோகேஸ்வரனுக்கு மனம் குளிர்கிறது. அடுத்த கணம் நிப்றாஸ் போட்டிருக்கும் நீலச் சேட்டு அந்த மஞ்சளோடு கலந்து பச்சையாகிறது. அவள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. யோகேஸ்வரன் பாய்ந்து போய் எட்டிப் பார்க்கிறான். இருவருக்கும் நடுவே ஒரு மேசையே போடலாம். ஊருக்குள் திரிகிற புள்ளிமானொன்று பின்வாசலில் தலை நீட்டுவதைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள். திரும்ப முன்னால் வந்து நின்றால், மறுபடியும் அதே பச்சை. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாய் ஊதி ஓய்கிறது. "கண்ணாடியே வேணாம். பலகைக் கதவு போடுவம்," என்கிறான். மஞ்சள் அசையாமல் நிற்கிறது. "போடுங்க," என்கிறது உள்ளிருந்து அவள் குரல். "பலகைக்குள்ளால என்னைப் பாக்க உங்களுக்கும் ஏலாது."