எதிர்ச்சரிவில் ஒரு குரல்

மலைக்கு பஸ் வராத காலம். சாமை அறுக்கும்போது கோபால்சாமிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. கட்டிலில் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியும் பேச்சு திரும்பவில்லை. தாயில்லாத வீட்டில் மகள் ரஞ்சிதம்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள், மிச்ச அறுப்பையும் முடித்தாள்.

மாடுகளைத் தேடிப் போகும் வேலை மட்டும் அவளுக்கு இருக்கவில்லை. பொழுது சாயும்போது எதிர்ச்சரிவிலிருந்து அப்பாவின் குரல் அவற்றைக் கூப்பிட்டது. மாடுகள் இறங்கி வந்தன. அப்பா பாயில் கிடந்தார்.

"இன்னாடி, உங்கப்பனுக்குப் பேச்சு வந்துட்ச்சா? மாடு கூப்பிட்றது கேட்டுச்சே" என்றாள் பக்கத்து வீட்டு சாந்தம்மாள்.

"இல்ல அத்தை."

ஒரு மாலை ரஞ்சிதம் சரிவில் ஏறினாள். அங்கே யாரையும் காணவில்லை.

"வூட்டுக்கு வாப்பா. எனக்குப் பேச ஆளில்ல" என்றாள்.

"மாடு வந்துட்ச்சா?" என்று மரங்களுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"வந்துட்ச்சுப்பா."

"நீ முன்னால போ. நான் வர்றேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

மறுநாள் குரல் கேட்கவில்லை. அதன்பிறகும் கேட்கவில்லை. மாடுகளை அவளே போய் ஓட்டிவந்தாள்.

கோபால்சாமி சாகும்வரை பேசவில்லை. ரஞ்சிதம் கதவைச் சாத்தப் போகும்போது மட்டும், எதிர்ச்சரிவைப் பார்த்தபடி வேண்டாமென்று தலையை அசைப்பார்.