கட்டைவிரல்

மூன்றாம் வருட நர்சிங் மாணவி ஜெசிந்தா, ஏழாம் படுக்கைப் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, சார்ட்டில் எழுபத்தாறு என்று எழுதினாள். "அவர் உயிர் போய்க் கால் மணி நேரம் ஆச்சு. டாக்டர் பாத்துட்டுப் போயிட்டார்," என்றார் பின்னால் வந்த சிஸ்டர். "கட்டைவிரல வச்சியா? அது உன் நாடிடி." கட்டைவிரலுக்குத் தனித் துடிப்பு உண்டென்பது முதல் வருடப் பாடம். 'ஜெசி தொட்டா எல்லாருக்கும் நார்மல்தான்டி' என்று ஹாஸ்டலில் சிரிப்பார்கள். மறுநாள் கல்லூரியின் மனநல ஆலோசகர், "அழணும்னா அழும்மா," என்றார். அழுகை வரவில்லை. "மூணு வருஷமா எல்லார் சார்ட்லயும் என்னையேதான் எழுதியிருக்கேன் மேடம்." அவர் பேனாவை வைத்துவிட்டுத் தன் கையை மேசைமேல் நீட்டினார். "இப்பப் பாரு. மூணு விரல்ல." ஜெசிந்தா மூன்று விரல்களை வைத்தாள். விரல்களுக்கடியில் துடிப்பு ஒன்றுமே தெரியவில்லை. வளையல் மட்டும் சில்லென்று பட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது. "எவ்வளவு?" எழுபத்தாறு வாய்வரை வந்து நின்றது. "தெரியல மேடம்." அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவும் விடவில்லை. நொடிமுள் அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தது.