தட்டு மாற்றியதும் பூட்டு மாற்றம்

ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் கட்ட, குடும்பத்தில் ஒருவர் கட்டைவிரல் வைத்துச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்குப் பூட்டு என்று பெயர். சட்டம் போட்டது சர்க்கார். அதைச் சடங்காக்கியது நம் ஆட்கள். நிச்சயத்தன்று தட்டு மாற்றியதும், மாப்பிள்ளையின் பூட்டை அவன் அம்மா பெண்ணிடம் ஒப்படைப்பாள்; பெண் அந்தப் போனில் கட்டைவிரல் வைத்து வாங்கிக்கொள்வாள்.

கரூர் மண்டபத்தில் சுகன்யா, தன் மகன் கவினின் பூட்டை ஒப்படைக்க மணப்பெண் இதழினியிடம் போனை நீட்டினாள்.

"வாங்கிக்கறேனுங்க அத்தை. என்னோட பூட்டு அப்பாகிட்ட இருக்குது. அதை இவரு வாங்கிக்கட்டும்."

சுகன்யா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயும் ஆடுவியா கண்ணு?"

"ரம்மி ஆடுவேனுங்க. அதனாலதான் இவரு என்ன பொய் சொல்லிக் கேட்டாலும் எனக்குத் தெரிஞ்சுரும்."

சுகன்யா, வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்க எழுந்தாள். அதற்குள் கவின் மாமனாரின் போனில் கட்டைவிரலை வைத்துவிட்டான்.