தண்ணீர் எடுக்கப் போனவன்

பள்ளி நாட்களில் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதையைச் செண்பகவல்லி இப்போதுதான் மறுபடி படித்து முடித்தாள். செவ்வாய்க்குப் போன ராக்கெட் திரும்பிவிட்டது. புரொபசர் மகளுக்கும் கதாநாயகனுக்கும் கல்யாணம். முற்றும்.

சமையல்கார முனியன் எங்கே?

பதறிப்போய்ப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். ராட்சத நண்டுகள் வருவதற்குச் சற்று முன் அவனைக் குடத்தோடு குகைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் அவன் பேரையே எடுக்கவில்லை.

"என்னங்க, அவன அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க!"

"யார?" என்றார் கணவர்.

"தண்ணி எடுக்கப் போனவன. நெறகுடத்தோட வந்து ராக்கெட்டத் தேடுவான்ல?"

"கதைதானே, விடு."

பேனாவை எடுத்து 'முற்றும்' என்பதை அடித்தாள். 'தொடரும்' என்று எழுதினாள். அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

அட்டைதான் இருந்தது.