நடு நாற்காலி

“இந்த மரமண்டையோட ஒரே நாட்டுல இருக்கறதுக்கு நாங்க ஆத்துல குதிச்சிடலாம்!” மாகாணத் தலைவர் மேசையைக் குத்தினார்.

அவருக்குப் பின்னால் இருந்த கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். எதிரே இருந்த மத்திய அமைச்சர், நடு நாற்காலியில் இருந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

“உங்க அனுபவத்தை மதிக்கிறாராம் சார். மனசு விட்டுப் பேசலாம்ங்கறார்” என்றாள் அவள், தலைநகர் மொழியில்.

தனி நாடு கிடைக்கும்வரை தலைநகர் மொழியைப் பேசமாட்டேன் என்பது தலைவரின் சபதம். மாகாண மொழி ஒரு வார்த்தை தெரியாது என்பது அமைச்சரின் பெருமை. பின்னால் இருந்தவர்களுக்கோ அவரவர் மொழி மட்டும்தான். ஆகவே தேசத்தின் ஒருமைப்பாடு தற்சமயம் அவள் தொண்டையில் இருந்தது.

அவளுக்குச் சொந்தக் கவலையும் இருந்தது. வேலை ஆற்றுக்கு இந்தப் பக்கம். கணவனும் மகளும் அந்தப் பக்கம், மாகாணத்தில். இன்றும் பேச்சு முறிந்தால் பாலத்தை மூடிவிடுவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். அப்புறம் மகளுக்குத் தலை பின்ன விசா எடுக்க வேண்டும்.

“ஏசியைக் கூட்டுப்பா” என்று அமைச்சர் தன் உதவியாளரிடம் முணுமுணுத்தார். தலைவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஒரு தீப்பெட்டி செய்ய வக்கில்ல, இவனுக்குத் தனி நாடு ஒரு கேடா?” என்றார் அமைச்சர் உரக்க. இப்போது கைதட்டல் இந்தப் பக்கம்.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். “உங்க மாகாணத்துக்குத் தொழிற்சாலை வரணும்னு ஆசைப்படறாருங்க ஐயா.”

“முதல்ல அந்த வாயைக் கழுவிட்டு வரச்சொல்லு!” என்றார் தலைவர்.

“பாலத்துக்குப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தரணுமாம் சார்.”

சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிற்சாலை உண்டு, பெயின்ட் உண்டு, பாலம் திறந்தே இருக்கும். எதிரி பணிந்துவிட்டான் என்று இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் கோஷம் போட்டுக்கொண்டே வெளியேறினார்கள்.

அறையில் மூன்று பேர்தான் மிச்சம். மாட்டிக்கொள்வதற்குள் ஓடிவிட அவள் கைப்பையை எடுத்தாள்.

“மரமண்டை நல்லாருக்குய்யா. போன தடவை கழுதைன்னுதானே சொன்ன?” அமைச்சர் சிரித்தார், அட்சரம் பிசகாத மாகாண மொழியில்.

தலைவர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தார். தலைநகர் மொழியில் தணிந்த குரலில் சொன்னார்:

“அடுத்த மாசமும் நீங்களே வந்துடுங்கம்மா. போன தடவை வந்தவரு நாங்க பேசினதை அப்படியே சொல்லித் தொலைச்சிட்டாரு!”