நம்ம மிளகாய்

"இது நம்ம மிளகாய் சார்" என்றாள் அவள்.

சொன்ன மறுகணமே தப்பு என்று தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற பெண்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

சாஸ் கம்பெனி மேலாளர் சாக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவர் பார்வை அவளைத் தாண்டி, எடைமேடை ஓரம் சாய்ந்து நின்ற தரகனிடம் போனது.

"நம்மதுன்னா? எனக்கும் இதுல பங்கு இருக்கா, இல்ல இவருக்கா?"

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

கம்பெனியின் நிபந்தனை ஒன்றுதான். விளைவித்தவர்களிடம் மட்டும் வாங்குவார்கள். நடுவில் ஓர் ஆள் இருப்பது தெரிந்தால் லாரி காலியாகவே திரும்பிப் போகும். ஒத்துப்போனால் இந்தப் பருவம் முழுக்க இந்தப் பெண்களின் மிளகாய் கம்பெனிக்குத்தான்.

மலையிலிருந்து வந்த அந்தப் பெண்களின் பாஷையில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல். எதிரில் நிற்கிறவனைச் சேர்த்துக்கொள்வதா, வெளியே நிறுத்துவதா என்று வாயைத் திறக்கும்போதே முடிவு செய்யவேண்டிய தொல்லை மலையில் யாருக்கும் வந்ததில்லை.

சந்தையில் வருகிறது.

சந்தைப் பாஷை, மண்டியில் குப்பை கூட்டிய காலத்தில் அவள் பொறுக்கியது. மற்ற பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "நாங்கன்னா, நாம மட்டும்" என்றாள். அது சரியா தப்பா என்று அவளுக்கே குழம்பிப்போய், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தரகன் வெளியாள் இல்லை. அவர்கள் சனம்தான். மலையிலிருந்து முதலில் இறங்கிவந்து, லாரி கழுவி, பாஷையைப் பிடித்துக்கொண்டவன். பெண்கள் விளைவிப்பார்கள், அவன் பேசுவான். என்ன விலைக்குப் போனது என்று அவன் வந்து சொல்வதுதான் விலை.

இந்த முறைதான் பெண்களே சேர்ந்து குத்தகைக்கு நிலம் பிடித்து, நாற்றுவிட்டு, பறித்து, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வந்து நிற்கிறான்.

"மலைக்காரங்களே யாவாரத்துக்கு வந்துட்டாங்கடா. வா, நாம போய் மிளகாய் பறிக்கலாம்" என்றான் ஒரு சுமைக்காரன்.

பழுத்த மிளகாய் சாக்குக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் அடிச்சாக்கு தண்ணீர் விடும். அதற்கப்புறம் மாடுகூட முகராது.

அவள் நெற்றியைத் துடைத்தாள். மிளகாய்க் கை. ஒரு கண் பற்றிக்கொண்டு எரிந்தது.

தரகன் முன்னால் வந்தான்.

"பாருங்க, அதுக்குள்ள அழுறாங்க. இவங்களுக்குப் பேச வராது சார். பறிக்கச் சொன்னா பறிப்பாங்க, அவ்வளவுதான். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

"அப்போ காரம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மேலாளர். அவர் சிரிக்கவில்லை. லாரி ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான்.

பின்னாலிருந்து, வாயாடி என்று பெயரெடுத்தவள் தங்கள் பாஷையில் முணுமுணுத்தாள்.

"நான் பேசறேன்னு நேத்தே சொன்னேன். கேட்டியா?"

"உனக்கு இவங்க பாஷை வராது."

"வராட்டி என்ன. எனக்கு நாக்காவது எழும்பும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் நாக்கைப் பற்றி இவர்களுக்கு இருக்கும் சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

மேலாளர் ஒடித்த பழத்தைச் சாக்கிலேயே போட்டார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா, எனக்கு நேரமில்ல. ஒரே கேள்வி. இவர் உங்க ஆளா, இல்லையா?"

உங்க ஆள். அவளுடைய பாஷையில் இதற்குப் பதில் சுலபம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளையிலிருந்து பழையபடி அவன் வந்து விலை சொல்வான். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

தரகன் புன்னகையோடு காத்திருந்தான். அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லாதது போலிருந்தது.

வாய்க்குள் இருந்த ஒரே சொல்லை அவள் இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது.

"நாங்க விளைய வெச்சது சார்" என்றாள். குரல் பாதியில் பிசிறியது. மறுபடியும் சொன்னாள். "நாங்க. இதோ, பின்னாடி நிக்கிறவங்க. இவர் இதுல இல்ல."

மேலாளர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"பின்பக்கத்தைத் திற. ஏத்தலாம்."

பெண்கள் சாக்குகளை நோக்கி ஓடினார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெற்றி பெற்றவளைப் பார்ப்பது போல அல்ல, எழவு வீட்டில் பார்வையைத் தாழ்த்திக்கொள்வது போல விலகிப் போனார்கள்.

தரகன் நிதானமாக அருகில் வந்தான். அவன் முகத்தில் அந்தப் புன்னகை அப்படியே இருந்தது. தங்கள் பாஷையில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். சந்தையில் அவன் அவளை உறவு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"சரிங்க அத்தை. சாயங்காலம் உங்க பொண்ணையும் பேரனையும் கொண்டுவந்து விட்டுடறேன். நீங்களே வெச்சுக்குங்க."

அவள் குனிந்து சாக்கின் ஒரு காதைப் பிடித்தாள்.

மறுகாதை வாயாடி பிடித்தாள்.